குறைந்த செலவில் நிறைந்த புரதம்: மலைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரையும் கோத்தகிரியையும் சுற்றியுள்ள தேயிலைக் கிராமங்களில் மகளிர் குழுக் கூட்டங்களுக்குச் சென்று உணவைப் பற்றிப் பேசுவது சில ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வருகிறது. எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும், கூட்டத்தில் நேரம் போதாமல் பாதியில் விட்ட பதில்களையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன். கீழே வரும் விலைகளில் ரேஷன் விலை மட்டுமே நிலையானது. மற்றவை கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை என்பதால், உங்கள் கடையின் விலையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் என்று கணக்கு வருகிறது. 7 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைக்கு 23 கிராம் போதும். 13 முதல் 15 வயதுள்ள பெண் பிள்ளைக்கோ 43 கிராம் தேவை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஏறக்குறைய தாய்க்குச் சமமான அளவு வேண்டும் என்று சொன்னால் கூட்டத்தில் யாரும் எளிதில் நம்புவதில்லை. அவள் தட்டில் சின்ன அகப்பையால் பரிமாறுவதுதான் வழக்கம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 46 கிராம் புரதம் என்பது 46 கிராம் பருப்பு அன்று. நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம்தான் புரதம்.

தினமும் சாம்பார் வைக்கிறோமே, அது போதாதா?

சாம்பாரில் எவ்வளவு பருப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோத்தகிரிக்கு அருகில் ஒரு வீட்டில், அந்த அம்மா வழக்கமாக எடுக்கும் அளவில் பருப்பை எடுக்கச் சொல்லித் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கைப்பிடி, 90 கிராம் இருந்தது. வீட்டில் ஐந்து பேர், அந்தச் சாம்பாரே மதியத்துக்கும் இரவுக்கும். ஆளுக்கு 18 கிராம் பருப்பு, அதாவது நாள் முழுவதற்கும் 4 கிராம் புரதம். கேரட்டும் முருங்கைக்காயும் நிறைய மிதந்ததால் குழம்பு கெட்டியாகத் தெரிந்தது. அதிலும் பருப்பு அடியில் தங்கிவிடும். அகப்பையை அடிவரை விட்டுக் கலக்காமல் மேலோடு மொண்டு ஊற்றினால் தெளிவு மட்டுமே தட்டுக்கு வரும். கடைசியில் சாப்பிடுகிறவருக்கு எது மிஞ்சுகிறது என்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் பருப்பு, பயறு வகைகளின் அளவு 85 கிராம். அந்த அளவை எட்டுவது எல்லோருக்கும் இயலாது என்பதை அறிவேன். ஆளுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டாலே நிலைமை பெரிதும் மாறிவிடும். சாம்பாரை அதே அளவில் விட்டுவிட்டு, இரண்டாவதாக ஒரு பயறைச் சுண்டலாகவோ கூட்டாகவோ கடைசலாகவோ சேர்ப்பதுதான் இதற்கு எளிய வழி. சாம்பாரையே இரண்டு மடங்கு கெட்டியாக்கினால் வீட்டில் பருப்புக்கடைசல் என்று முகம் சுளிப்பார்கள். தட்டைப்பயறுச் சுண்டலை யாரும் வேண்டாம் என்பதில்லை.

சோற்றில் புரதமே இல்லையா?

இருக்கிறது. நூறு கிராம் அரிசியில் 7 கிராம் அளவுக்கு உண்டு. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்தே 21 கிராம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் உண்ண வேண்டும் என்பதில்லை, ஒரே நாளுக்குள் இருந்தால் போதும்.

ரேஷனில் பருப்பு வாங்குகிறோம். அதை வைத்தே சமாளிக்க முடியுமா?

நியாயவிலைக் கடையில் ஒரு அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேருள்ள குடும்பத்தில் அதைப் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு வருகிறது. அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. ஆனாலும் பருப்பு, பயறு வகைகளில் 10 கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்க்கும் குறைவாகக் கிடைப்பது இந்த ஒரு பொருளில்தான். "வேக நேரமாகிறது, நிறம் நன்றாக இல்லை" என்று சொல்லி வாங்காமல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேகாததற்குக் காரணம் பருப்பு மட்டும் இல்லை, நாம் இருக்கும் உயரமும்தான். அதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கேழ்வரகின் புரதம் அரிசியை ஒத்த அளவுதான். அதன் சிறப்பு சுண்ணாம்புச் சத்து. கிடைக்கும் இடத்தில் கட்டாயம் வாங்குங்கள்.

எந்தப் பொருளில் காசுக்கு அதிகப் புரதம் கிடைக்கிறது?

கிலோ விலையைப் பார்த்தால் இது விளங்காது. 10 கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய் என்று பார்க்க வேண்டும். கொள்ளு கிலோ 90 ரூபாய் என்றால், அதிலுள்ள 220 கிராம் புரதத்தில் 10 கிராமின் விலை சுமார் 4 ரூபாய். மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். கிலோ 150 ரூபாய்க்கு வாங்கினாலும் 10 கிராம் 3 ரூபாய்தான். பொட்டுக்கடலை கிலோ 110 என்றால் 5 ரூபாய், நிலக்கடலை 140 என்றால் ஐந்தரை ரூபாய். முட்டை ஒன்று 7 ரூபாய் என்று கொண்டால், ஒன்றில் 6 கிராம் புரதம் இருப்பதால் 10 கிராமுக்கு ஏறக்குறைய 12 ரூபாய் ஆகிறது. லிட்டர் 44 ரூபாய்ப் பாலில் 14 ரூபாய். எலும்போடு கிலோ 240 ரூபாய்க்கு வாங்கும் கோழிக்கறியில், எலும்பு போக மிஞ்சும் சதையைக் கணக்கிட்டால் 18 ரூபாய்க்கு மேல்.

இந்தக் கணக்கை வைத்து முட்டையையும் பாலையும் ஒதுக்கிவிடக் கூடாது. அவற்றின் புரதம் உடலில் நன்றாகச் சேர்கிறது. தாவர உணவில் கிடைக்காத பி12 வைட்டமினும் அவற்றில் உண்டு. பெரும்பகுதியைப் பயறிலிருந்து எடுத்துக்கொண்டு, முட்டையையும் பாலையும் அளவோடு சேர்ப்பது என் பரிந்துரை.

மலையில் பருப்பு வேக வெகு நேரமாகிறது. கேஸ் செலவையும் சேர்த்தால் பயறு மலிவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

கீழே வசிப்பவர்கள் எழுதும் சமையல் குறிப்புகளில் காணாத கேள்வி இது. நம் ஊரில் முதலில் எழுவதே இதுதான்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குன்னூரில் 94 டிகிரியிலும் உதகையில் சுமார் 93 டிகிரியிலும் கொதிக்கிறது. பானையில் தளதளவென்று கொதித்தாலும் அந்தக் கொதியின் சூடு குறைவு. அடுப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவியாகி வெளியேறும் தண்ணீர்தான் அதிகமாகும். திறந்த பாத்திரத்தில் பருப்பை வேகவைத்துக் கேஸைச் செலவழிப்பதில் இங்கே பொருளே இல்லை. குக்கர் அந்தச் சூட்டை 115 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. குக்கரிலும் கீழ்நாட்டு அளவைவிட இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஊறவைப்பது. கொண்டைக்கடலை, கொள்ளு, மொச்சை, காய்ந்த பட்டாணி ஆகியவற்றை இரவே ஊறப்போட வேண்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் எட்டு மணி நேரம் போட்டாலும் கடலை உள்ளே கல்லாகவே இருக்கும். நன்கு சுட்ட தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். ஒரு கடலையை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளையாக உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வயிற்று உப்புசம் குறையும்.

மூன்றாவது, புளியும் தக்காளியும். பயறு மலர்ந்த பிறகே இவற்றைச் சேர்க்க வேண்டும்; புளிப்பு முன்பே சேர்ந்தால் தோல் இறுகிவிடும்.

நான்காவது, பயறின் வயது. மழைக்காலம் முழுவதும் ஈரக்காற்றில் கிடந்த பழைய பயறு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. மலிவு என்று ஐந்து கிலோவாக வாங்கி அடுக்கிவைப்பது சமவெளிக்குச் சரி. இங்கே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, லேசாக வறுத்து ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே நல்லது.

நான் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள்தான் பயறு வேகவைக்கிறேன். விசில் வந்து, தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்த பிறகு அடுப்பை அணைத்து, குக்கரை இறக்கி ஒரு பழைய கம்பளியால் சுற்றி மூலையில் வைத்துவிடுவேன். மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே முடிந்துவிடும். திறக்கும்போது கடலை விரலில் நசுங்கும் பதத்தில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இந்தக் குளிரில் மறுநாள் வரை கெடாது. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

ராஜ்மாவும் காய்ந்த பீன்ஸ் விதையும் ஒன்றா? அவற்றில் நஞ்சு உண்டு என்கிறார்களே?

தோட்டத்தில் முற்றவிட்ட பீன்ஸ் காயிலிருந்து உரித்து எடுக்கும் விதையும் கடையில் விற்கும் ராஜ்மாவும் ஒரே செடியினத்தைச் சேர்ந்தவை. விலைக்கு ராஜ்மா வாங்கும் வீட்டின் வேலியிலேயே முற்றிய பீன்ஸ் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். நூறு கிராம் காய்ந்த விதையில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு.

நஞ்சு பற்றிய எச்சரிக்கையும் உண்மையே. இந்த விதைகளில், குறிப்பாகச் சிவப்பு விதையில், லெக்டின் என்னும் பொருள் இருக்கிறது. அரைவேக்காட்டில் அது அழிவதில்லை. என் வீட்டிலேயே இதை அனுபவித்தோம். குக்கரின் கேஸ்கட் கிழிந்திருந்த ஒரு நாளில், ஊறிய விதையைப் பானையில் போட்டு, தோல் வெடித்துவிட்டது என்று பார்த்து இறக்கிவிட்டேன். கடித்தபோது நடுவில் சற்று நறுக்கென்றிருந்தது, பொருட்படுத்தவில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. அடுத்த நாளே சரியாகிவிட்டது என்றாலும் என் மகன் இன்றுவரை ராஜ்மாவைத் தொடுவதில்லை. இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, குக்கரில் நடுப்பகுதியும் மாவாக மசியும் வரை வேகவைத்தால் எந்த அச்சமும் இல்லை. இந்த மலையில் இதைப் பானையில் சமைக்க வேண்டாம்.

"ராகியும் அவரையும் தின்றே நாங்கள் மலையேறினோம்" என்று மாமியார் சொல்கிறார். அது போதுமான உணவா?

உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரி. படுகர் வீடுகளில் கேழ்வரகுக் களியான ஹிட்டுடன் அவரைக் குழம்பு உண்பது நெடுங்கால வழக்கம். மேலே சொன்ன தானியமும் பயறும் சேரும் கணக்கு இந்த ஒரு தட்டிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் குழம்பில் அவரைதான் முதன்மை, நீர் இரண்டாவது. இன்றைய சாம்பாரில் அது தலைகீழாகிவிட்டது. தோடர்கள் எருமைப் பாலையும் தயிரையும் கொண்டு புலால் இல்லாமலேயே வாழ்ந்தவர்கள். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கும் பிற ஐரோப்பியக் காய்களும் வந்து, பின்னர் தேயிலை பரவியபோது, ராகியும் சாமையும் விளைந்த நிலம் சுருங்கியது. நிலத்தில் விளைந்த பயறு கடைப்பொருளானதும் அதன் அளவும் தட்டில் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. வீட்டுப் பின்புறத்தில் நான்கு அவரைக் கொடி ஏற்ற இடமிருந்தால் ஏற்றுங்கள். பிஞ்சாகப் பறித்துத் தீர்த்துவிடாமல் பாதியை முற்றவிட்டு விதையாகச் சேருங்கள். பிஞ்சுக் காயில் புரதம் சொற்பம்.

கேரட், உருளைக்கிழங்கு, கீரை, காளான் இவற்றில் புரதம் எவ்வளவு?

கேரட்டில் 1 கிராம், உருளைக்கிழங்கில் 2 கிராமுக்குள். நம் ஊர்க் காய்களில் புரதத்துக்காக வாங்கத்தக்கது பச்சைப் பட்டாணி ஒன்றே. நூறு கிராமில் 7 கிராம் இருக்கிறது. பருவத்தில் உழவர் சந்தையில் விலை இறங்கும்போது நிறைய வாங்கி உரித்துக் காயவைக்கலாம். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டர் பீன்ஸும் உண்டு. காளானைப் "புரதச் சுரங்கம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் 3 கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். தோட்டத்து மரத்தடியில் முளைக்கும் காளானை, நன்கு அறிந்தவர் உடனிருந்தாலொழிய, பறிக்கவே வேண்டாம்.

முட்டை ஒரு நாளைக்கு எத்தனை? மஞ்சள் கருவை எடுத்துவிட வேண்டுமா?

உடல் நலமுள்ளவர் தினம் ஒன்று உண்ணலாம். மஞ்சள் கருவை எறிவது வீண்; முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டையில் புரதம் அதிகம் என்பதும் தவறான எண்ணமே. அது அளவில் சிறியது. ருசிக்காக வாங்குங்கள், புரதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம்.

மீல்மேக்கர் உடலுக்கு நல்லதா? ஆண்கள் சாப்பிடக் கூடாது என்கிறார்களே?

எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யப்படும் பொருள் அது. சாதாரண உணவின் அளவில் உண்பதால் ஆண்களுக்குத் தீங்கு ஏற்படுவதில்லை. ஆளுக்கு 25 கிராம் உலர்ந்த மீல்மேக்கர் போதும். அதில் 12 கிராமுக்கு மேல் புரதம். கொதிநீரில் போட்டு, ஊதியதும் இரண்டு முறை பச்சைத் தண்ணீரில் பிழிந்தால் அந்த வாடை போய்விடும். அப்படியே முழுதாகப் போடாமல் உதிர்த்து, உருளைக்கிழங்குப் பொரியலோடு கலந்தால் பிள்ளைகள் கண்டுபிடிப்பதே இல்லை. வாரம் இரண்டு முறை வைத்துக்கொள்ளலாம்.

கோழி, மீன், கருவாடு?

கூடலூர், பந்தலூர் பக்கம் கேரளக் கடற்கரை மீன் வந்துவிடுவதால் மத்தி மலிவாகக் கிடைக்கும். புரதத்தோடு இதயத்துக்கு நல்ல கொழுப்பும் அதில் இருக்கிறது. உதகைப் பக்கத்தில் மீன் அவ்வளவு மலிவு இல்லை. நெத்திலிக் கருவாட்டில் எடைக்குப் பாதி அளவு புரதம் உண்டு என்றாலும் உப்பு மிகுதி. வெந்நீரில் இரண்டு முறை அலசி, குழம்பில் வேறு உப்பைக் குறைத்துவிட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பதே சரி. கோழிக்கறியை ஞாயிற்றுக்கிழமை ஒரே வேளையில் ஒரு கிலோவாகச் சமைத்துத் தீர்ப்பதைவிட, அரைக் கிலோவாக இரண்டு முறை எடுத்து அதனோடு கொண்டைக்கடலை சேர்த்துக் குழம்பு வைத்தால் எல்லோருக்கும் ஒரு துண்டாவது இரண்டு நாளும் கிடைக்கும்.

நாங்கள் நாளைக்கு ஐந்தாறு முறை பால் டீ குடிக்கிறோம். அதில் புரதம் கிடைக்காதா?

ஒரு டீயில் 50 மில்லி பால் என்றால் ஒன்றரை கிராம் புரதம். ஆறு டீயில் 9 கிராம் வருகிறதே என்று மகிழ வேண்டாம். அதனோடு பன்னிரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் உள்ளே போகிறது. மேலும், உணவோடு சேர்த்தோ உண்ட உடனேயோ குடிக்கும் டீ, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தேயிலை பறிக்கும் பெண்களிடம் "டீயை விடுங்கள்" என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாலில் ஒரு பகுதியைத் தயிராக்கினால் இன்னும் நன்று.

குளிரில் பயறு முளைப்பதில்லை, இட்லி மாவு புளிப்பதில்லை. என்ன செய்வது?

சமவெளியில் ஒரே இரவில் முளைக்கும் பச்சைப்பயறு இங்கே பனிக்காலத்தில் இரண்டு நாள் எடுக்கும். ஊறிய பயறைத் துணியில் கட்டி, சற்று முன் சமைத்து முடித்த அடுப்பின் அருகில், மூடிய பாத்திரத்தில் வையுங்கள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். பிசுபிசுப்பும் வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள். இட்லி மாவுப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அகலமான சட்டிக்குள் இறக்கி வைத்துக் கம்பளியால் மூடலாம். முளைகட்டினால் புரதம் பெருகும் என்பது சரியன்று. பயறு எளிதில் செரிக்கிறது, சி வைட்டமின் கூடுகிறது. புரதத்தின் அளவு அப்படியேதான் இருக்கிறது. முளைக்காத நாளில் சும்மா வேகவைத்துச் சாப்பிட்டால் நட்டம் ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு மாலையில் என்ன கொடுப்பது?

சத்துணவுத் திட்டத்தில் உள்ள பள்ளிகளில் மதியம் ஒரு முட்டை கிடைக்கிறது. பிள்ளை அதை உண்கிறதா, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாலையில் வர்க்கியும் டீயும்தான் நம் வழக்கம். வர்க்கி மைதாவும் கொழுப்பும் கலந்தது. அதை அடியோடு நிறுத்தச் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். இரண்டு வர்க்கிக்குப் பதில் ஒன்று, அதனுடன் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ வறுத்த நிலக்கடலையோ என்று மாற்றலாம். 25 கிராம் நிலக்கடலை ஒரு முட்டைக்கு ஈடான புரதம் தருகிறது. நம் ஈரக்காற்றில் நிலக்கடலை விரைவில் பூசணம் பிடிக்கும்; கறுத்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளைக் கழுவிப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பூசணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் போவதில்லை.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எவ்வளவு கூட்ட வேண்டும்?

நான்காம் மாதம் முதல் வழக்கத்துக்கு மேல் நாளொன்றுக்கு 9.5 கிராமும், ஏழாம் மாதம் முதல் 22 கிராமும் வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் 17 கிராம். 22 கிராமைக் கூட்டுவது கடினமில்லை: ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், 30 கிராம் பயறு, ஒரு சிறு கைப்பிடி நிலக்கடலை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அவருக்கானது; வீட்டில் எல்லோருக்கும் கஞ்சியாகக் காய்ச்சிப் பகிர்வது நல்ல மனம்தான், ஆனால் அதன் நோக்கம் அங்கே வீணாகிவிடுகிறது.

புரதப் பவுடர் வாங்கலாமா?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடலைக் கட்டுவதற்காகப் புரதப் பவுடர் உண்பதைத் தவிர்க்கும்படியே கூறியிருக்கிறது. கிலோ 2,500 ரூபாய்க்கு விற்கும் டப்பாவில் முக்கால் பங்கு புரதம் என்றே கொண்டாலும் 10 கிராமுக்கு 33 ரூபாய் ஆகிறது. முதியவருக்கு "பலத்துக்கு" என்று வாங்கித் தரும் பானப் பொடிகளில் பலவற்றில் சர்க்கரை எவ்வளவு என்பதை டப்பாவின் பின்புறத்தில் படித்துப் பாருங்கள். பல்லில்லாத பாட்டிக்குக் குழைந்த பாசிப்பருப்புப் பொங்கலும் தயிரும் அதைவிட நன்றாக இறங்கும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால்?

இந்தப் பக்கத்திலுள்ள அளவுகள் அவர்களுக்குப் பொருந்தா. மருத்துவர் சொல்லும் அளவே அளவு. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலி உள்ளவர்களும் இறைச்சி, ஈரல், மத்தி, நெத்திலி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுவிட்டே உண்ண வேண்டும்.

நான்கு பேருள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

கணவன், மனைவி, 14 வயது மகள், 8 வயது மகன் என்று கொள்வோம். நால்வருக்கும் சேர்த்து நாளைக்கு 166 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 5 கிலோ புரதம் வேண்டும்.

ரேஷன் அரிசி 20 கிலோ, கேழ்வரகு 2 கிலோ, கடையில் வாங்கும் கோதுமை மாவு 4 கிலோ ஆகியவற்றிலிருந்து கிட்டத்தட்ட 2 கிலோ புரதம் வந்துவிடுகிறது. ரேஷன் துவரை 1 கிலோவோடு வெளியில் 2 கிலோவும், கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து 3 கிலோவும் வாங்கினால் அவற்றில் 1,320 கிராம். நிலக்கடலை 1 கிலோ, மீல்மேக்கர் அரைக் கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ ஆகியவற்றில் 610 கிராம். முட்டை 60இல் 360, நாளைக்கு அரை லிட்டர் பாலில் 480, மாதம் 2 கிலோ கோழியில் 260. எல்லாம் கூட்டினால் 5 கிலோவைத் தொட்டுவிடுகிறது. பயறுப் புரதம் முழுவதும் செரிப்பதில்லை என்பதால் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. பள்ளியில் கிடைக்கும் முட்டைகள் அந்தக் குறையை ஈடுசெய்யும்.

துவரை கிலோ 150, மற்றப் பயறு 100, கோதுமை மாவு 50, மீதி மேலே சொன்ன விலை என்று வைத்தால், இவற்றுக்கு மொத்தம் 2,660 ரூபாய் ஆகிறது. இதில் கோழி 480, பால் 660, முட்டை 420. மழையில் வேலை இல்லாத மாதங்களில் முதலில் கோழியை நிறுத்துங்கள். அந்த 260 கிராம் புரதத்தை 1,200 கிராம் கொள்ளு சுமார் 108 ரூபாயில் தந்துவிடும். அதற்கு அடுத்து பாலைப் பாதியாக்கலாம். முட்டையைக் கடைசிவரை குறைக்க வேண்டாம். குறைத்தே ஆக வேண்டியிருந்தால், மகளுக்கு உரியதில் கை வைக்காதீர்கள்.